வட்டமிட்ட வரியோடு போங்கள்

அமெரிக்காவின் டென்டன் நகரில், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே டெக்சாஸ் கணித அறிவியல் அகாதமி இயங்குகிறது. பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் விடுதியில் தங்கி, பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளையே கல்லூரிப் படிப்பாகப் படிக்கிறார்கள். பதினாறு வயதில், இருபது வயதுக்காரர்களோடு ஒரே வகுப்பு!

இப்படிச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் வாரந்தோறும் நேரம் ஒதுக்குகிறார்கள், அதை வீணாக்காதீர்கள். பள்ளியில் முதலிடம் பிடித்தவர்களுக்குத்தான் சந்தேகம் கேட்கக் கூச்சம் அதிகம். முதல் தேர்வில் மதிப்பெண் சரியும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டாவது வாரமே போங்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது. கணக்கை முடிந்தவரை போட்டுப் பாருங்கள். சிக்கிய வரியைப் பென்சிலால் வட்டமிட்டு நோட்டை நீட்டுங்கள். ‘எதுவுமே புரியவில்லை’ என்றால் எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. வட்டமிட்ட வரியைப் பார்த்தால், எங்கே தடம் மாறினீர்கள் என்று உடனே கண்டுகொள்வார்.

நேரமும் அறை எண்ணும் முதல் நாள் தரும் பாடத்திட்டத் தாளில் இருக்கும். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும்போது, அவருக்கு உங்கள் முகமும் நன்றாகத் தெரிந்திருக்கும்.