விண்டோஸை விட்டு வரும்போது ஸ்டீமையும் கூட்டி வருவது எப்படி

கேம்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் கடையில் பல வருடம் சேர்த்து வைத்தவற்றோடு லினக்ஸுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் எந்த வகை, நல்லது என்பதைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் லைப்ரரியில் இருநூறு கேம் இருக்கட்டும், அதில் வாராவாரம் திறப்பது நாலோ ஐந்தோதான் இருக்கும். அந்த நாலைந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். மாறுவதா வேண்டாமா என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

எழுதியாயிற்றா? சரி, இப்போது புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். லினக்ஸில் விளையாடுபவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைக்கும் இடம் அது. பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் போட்டிருக்கும், ஓடவே ஓடாததற்கு போர்க்டு. மேலே தெரியும் பட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கி, உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் யாராவது சமீபத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டு இன்றைக்குச் செல்லாது, அதேபோல மூன்று வருடத்துக்கு முந்தைய புலம்பலும்.

கறாராக 'முடியாது' என்று வருவது பெரும்பாலும் ஒரே வகையில்தான்: ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் ஆன்லைன் கேம்கள். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே லினக்ஸ் பக்கம் வழி திறந்துவிட்டன, ஆனால் அந்த வழியை ஒவ்வொரு கேமிலும் அதைத் தயாரித்தவர்கள்தான் ஆன் செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024-இல் லினக்ஸை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். டெஸ்டினி 2-இல் இன்னும் மோசம், தடையைச் சுற்றிக்கொண்டு நுழையப் பார்த்தால் கணக்கே முடக்கப்படும் என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தாளில் இப்படி ஒன்று இருந்தால் டிரைவரை மாற்றியும் பயனில்லை, செட்டிங்ஸை நோண்டியும் பயனில்லை. அந்த ஒரு கேமுக்காக விண்டோஸை ஓரமாக வைத்திருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 மாதிரி ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே தயாரித்தவை நேரடியாகவே லினக்ஸில் ஓடும்.

மற்றவை எப்படி ஓடுகின்றன என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் சிக்கல் வரும்போது எங்கே தேடுவது என்று புரியும். ஸ்டீம் 2013 பிப்ரவரியிலேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது, ஆனால் அப்போது ஒவ்வொரு கேமையும் தயாரித்தவர்களே லினக்ஸுக்காகத் தனியாகச் செய்து தர வேண்டியிருந்தது. அதற்கு யார் மெனக்கெடுவார்கள்? 2015-இல் கடைக்கு வந்த ஸ்டீம் மெஷின்கள் என்ற லினக்ஸ் கேம் கம்ப்யூட்டர்கள் படுத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். 2018 ஆகஸ்டில், விண்டோஸ் கேமை அப்படியே லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டான் வந்ததும் கதை மாறியது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்ற மென்பொருள்தான் அதன் அடித்தளம். கேம் விண்டோஸிடம் 'இதைச் செய்து கொடு' என்று கேட்பதை வைன் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் 9 முதல் 11 வரையிலானவற்றின் வேலையை டிஎக்ஸ்விகே என்ற பகுதியும், 12-ஐ விகேடி3டி-புரோட்டான் என்ற பகுதியும் லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மொழிபெயர்க்கும். ஆக, 2018-க்கு முன்னால் எழுதப்பட்ட 'லினக்ஸில் கேமே கிடையாது' வகைக் கட்டுரைகளை அப்படியே தாண்டிப் போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வல்கன் என்ற சொல். புரோட்டான் 8 முதல் வல்கன் 1.3 இருந்தால்தான் டைரக்ட்எக்ஸ் 9 முதல் 11 வரையிலான கேம்கள் வழக்கமான வழியில் ஓடும். என்விடியாவின் 600, 700 வரிசையில் இருக்கும் பெரும்பாலான பழைய கார்டுகளுக்குக் கிடைக்கும் கடைசி டிரைவரில் அது இல்லை. அப்படிப்பட்ட கார்டு வைத்திருப்பவர்கள் புரோட்டான் 7 அல்லது அதற்கும் பழையதைத் தேர்ந்தெடுத்துப் பழைய கேம்களை ஓட்டலாம், புதியவற்றை மறந்துவிடலாம்.

டிஸ்ட்ரோ விஷயத்தில் என் கருத்து எளிமையானது. முதல் தடவை என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு. கேம் மட்டும்தான் வேலை, சிஸ்டத்தைத் தொடவே மாட்டேன் என்றால் பேஸைட், அதில் ஸ்டீம் முன்கூட்டியே இருக்கும். வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக், ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவை வைத்து ஓடுகிறது என்பதற்காக நீங்களும் ஆர்ச்சில் தொடங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முடிந்தால் தனியாக ஒரு எஸ்எஸ்டி போட்டு அதில் லினக்ஸை ஏற்றுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைப் பங்கு பிரித்து இரண்டையும் ஒன்றாக வைப்பதும் ஓடும்தான், ஆனால் எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் பூட் மெனு நடுராத்திரியில் காணாமல் போனால் தேடுவது நீங்கள்தான்.

விண்டோஸை விட்டுக் கிளம்பும் முன் சேவ் ஃபைல்களை எடுத்து வைத்துவிடுங்கள். சேவ்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் ஸ்டீம் கிளவுட் எல்லாக் கேமுக்கும் கிடையாது. லைப்ரரியில் கேமைத் திறந்தால் பிளே பட்டனுக்குப் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேவ் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். லினக்ஸில் அதை வைக்க வேண்டிய இடம் ஸ்டீமின் ஸ்டீமாப்ஸ் ஃபோல்டருக்குள் காம்பேட்டேட்டா என்ற ஃபோல்டர், அதற்குள் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். எந்த எண் எந்தக் கேம் என்று தெரிய, ஸ்டோரில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்து மேலே முகவரியில் வரும் எண்ணைப் பாருங்கள், அதேதான். அந்த எண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தால் சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் ஸ்டீம்யூசர் என்று ஒரு குட்டி விண்டோஸே கிடைக்கும். கேமை ஒரு தடவை திறந்து மூடிய பிறகுதான் இந்த ஃபோல்டர் உருவாகும், அதனால் முதலில் தேடிவிட்டு இல்லையே என்று பதற வேண்டாம்.

லினக்ஸ் ஏற்றியதும் ஏஎம்டி, இன்டெல் கார்டுக்காரர்களுக்கு டிரைவர் வேலை அநேகமாக எதுவும் இல்லை, சிஸ்டத்தை அப்டேட் செய்தால் போதும். என்விடியாக்காரர்கள் டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைக்கப்பட்டது என்று போட்டிருப்பதை இன்ஸ்டால் செய்யுங்கள். தொடக்கத்தில் அங்கீகாரம் இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும், அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைப் போட வேண்டும். அந்தத் திரை சில நொடிதான் நிற்கும். தேநீர் போட எழுந்து போனீர்கள் என்றால் அது தானாகக் கடந்துபோய்விடும், டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஆனால் வேலை செய்யாது, கேம் படம் படமாக நகரும், நீங்கள் லினக்ஸைத் திட்டுவீர்கள்.

ஸ்டீமை உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஸ்டீமின் சொந்தத் தளத்தில் கிடைக்கும் டெப் ஃபைலாக இறக்குங்கள். ஸ்னாப் என்ற இன்னொரு பொதி வடிவம் வேண்டாம், வால்வில் வேலை செய்பவர்களே டெப்பைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஃபிளாட்பேக் வடிவம் பரவாயில்லை, ஆனால் அது ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால் உங்களுடைய இரண்டாவது டிஸ்க் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஃபிளாட்சீல் என்ற சின்ன மென்பொருளை வைத்து அனுமதி கொடுத்தால் தெரியும்.

ஸ்டீமில் உள்ளே நுழைந்ததும் செட்டிங்ஸில் காம்பேட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய், எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் பிளே என்பது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்புகளில் இது முன்பே ஆனில் இருக்கும், பழையதில் நீங்கள்தான் போட வேண்டும். அவ்வளவுதான், இனி லைப்ரரியில் விண்டோஸ் கேம்களுக்கும் இன்ஸ்டால் பட்டன் வரும். பக்கத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டிலும் டவுன்லோட்ஸ் செட்டிங்ஸில் உள்ள லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை ஆன் செய்யுங்கள். நூறு ஜிபி கேமை இணையத்தில் மறுபடி இறக்காமல் வீட்டு நெட்வொர்க் வழியாகவே ஸ்டீம் இழுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் நானும் குறுக்கு வழி பார்த்தேன். எல்லாக் கேமும் விண்டோஸ் வடிவத்தில் இருந்த ஒரு டிஸ்க்கில், அதாவது என்டிஎஃப்எஸ்ஸில், ஏற்கெனவே இருந்தன. லினக்ஸிலிருந்து பார்த்தால் அந்த டிஸ்க் தெரிகிறது, ஸ்டீமும் அதைச் சேர்த்துக்கொண்டது, எதற்கு மறுபடி இறக்குவானேன் என்று பிளே அழுத்தினேன். பட்டன் 'ஸ்டாப்' என்று மாறியது, ரெண்டு நொடி, மறுபடி 'பிளே'. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. புரோட்டான் பதிப்பை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. காரணம் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி. புரோட்டான் தன் குட்டி விண்டோஸுக்குள் 'சி:' என்ற பெயரில் ஒரு இணைப்பை உருவாக்குகிறது, விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது. சில சமயம் உருவாக்கவே விடாது. விட்டாலோ, அடுத்த தடவை விண்டோஸ் அந்த டிஸ்க்கைச் சோதிக்கும்போது பழுது என்று நினைத்துக் கைவைக்கும். போதாததற்கு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் அது டிஸ்க்கைச் சரியாக மூடாமலே போய்விடும், லினக்ஸில் வந்து பார்த்தால் படிக்க மட்டும்தான் முடியும். காம்பேட்டேட்டாவை மட்டும் லினக்ஸ் டிஸ்க்குக்கு இணைப்பு கொடுத்து ஒப்பேற்ற வழி உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிஸ்க்கை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் வடிவத்தில் ஃபார்மேட் செய்து கேம்களை அதில் மறுபடி வையுங்கள்.

முதல் தடவை கேமைத் திறக்கும்போது 'வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன' என்ற மாதிரி ஒரு பெட்டி வந்து நிற்கும். ஸ்கிப் அழுத்தலாம், ஆனால் முதல் சில நிமிடம் தடுக்கித் தடுக்கி ஓடும். நான் காத்திருப்பேன்.

ஓடாத கேமுக்கு என் வரிசை இது: லைப்ரரியில் அதன் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், காம்பேட்டிபிலிட்டி, அங்கே புரோட்டான் பதிப்பைக் கட்டாயப்படுத்தும் பெட்டியை டிக் செய்து முதலில் புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல். அதுவும் இல்லையென்றால் ஒரு படி பழைய பதிப்பு. அதற்கும் மசியாவிட்டால் புரோட்டான்அப்-க்யூடி என்ற மென்பொருளை இறக்கி, அதன் வழியாக ஆர்வலர்கள் மாற்றியமைத்த ஜிஇ-புரோட்டானைச் சேர்த்து ஸ்டீமை மூடித் திறங்கள். நடுவில் கதை சொல்லும் கட்சீன் வீடியோ வரும் இடத்தில் வெறும் வண்ணப் பட்டைகள் தெரிகிற கேம்களுக்கு இது பல தடவை மருந்தாகிறது. வேடிக்கை என்னவென்றால், லினக்ஸுக்கென்றே வெளிவந்த சில பழைய கேம்களுக்கும் இதே வைத்தியம்தான். யாரும் கவனிக்காமல் விட்ட லினக்ஸ் பதிப்பைவிட, விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டினால் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் சேவ் ஃபைல்களை வேறு வேறு இடத்தில் வைக்கும், மாற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரோட்டான்டிபியில் சிலர் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள லான்ச் ஆப்ஷன்ஸில் போட வேண்டிய ஒரு வரியைக் கொடுத்திருப்பார்கள். அதைக் காப்பி செய்யும்போது இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் 'கமாண்ட்' என்ற சொல் வரும், அதையும் சேர்த்து எடுங்கள். கேம் எங்கே தொடங்க வேண்டும் என்று ஸ்டீமுக்குச் சொல்வது அதுதான். அது இல்லாவிட்டால் அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் வீண்.

மேக் வைத்திருப்பவர்களுக்குப் பாதை வேறு. ஸ்டீம் 2010 மே மாதமே மேக்குக்கு வந்துவிட்டது, ஆனால் புரோட்டான் அங்கே இல்லை, மேக்குக்காகவே வந்த கேம்கள் மட்டும்தான் நேரடியாக ஓடும். அதிலும் 2019-இல் வந்த கேட்டலினா 32-பிட் மென்பொருளை நிறுத்தியதில் பழைய மேக் கேம்கள் பல ஒரேயடியாகச் செத்தன. விண்டோஸ் கேம்கள் வேண்டுமென்றால் கிராஸ்ஓவர் என்ற கட்டண மென்பொருள்தான் நம்பகமான வழி. புரோட்டானில் வால்வோடு சேர்ந்து வேலை செய்யும் கோட்வீவர்ஸ்தான் இதையும் செய்கிறார்கள். அதற்குள் ஒரு 'பாட்டில்', அதாவது தனிக் குட்டி விண்டோஸ், உருவாக்கி ஸ்டீமின் விண்டோஸ் பதிப்பை இன்ஸ்டால் செய்து, அதற்குள் கேமை இறக்க வேண்டும். மேக் பதிப்பு செத்துப்போன ஒரு கேமின் விண்டோஸ் பதிப்பு இதே மேக்கில் இப்படி ஓடுவதும் உண்டு. சோதனைப் பதிப்பு இலவசம், தாளில் எழுதிய கேம்களை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். விஸ்கி என்ற இலவச மென்பொருளைச் சில வழிகாட்டிகள் இன்னும் சொல்லும், அதன் வளர்ச்சி 2025-இல் நின்றுவிட்டது.

இதெல்லாம் வேண்டாம், டேப்லெட்டிலோ டிவியிலோ விளையாடினால் போதும் என்பவர்களுக்கு ஸ்டீம் லிங்க் ஆப் இருக்கிறது. கேம் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில்தான், படம் மட்டும் நெட்வொர்க்கில் வரும். கம்ப்யூட்டரையாவது கேபிளில் ரூட்டரோடு இணைத்துவிடுங்கள், இரண்டு பக்கமும் வைஃபை என்றால் பட்டன் அழுத்தி அரை நொடி கழித்துத்தான் கேமில் ஹீரோ குதிப்பார்.