நலங்கு மாவு அரைக்கப் போகிறீர்களா? முதலில் வெயிலைப் பாருங்கள்

தேய்த்துக் குளிக்க வீட்டில் அரைத்த நலங்கு மாவு இரண்டே மாதத்தில் வண்டு விழுந்து போனாலோ, பூசியதும் முகம் எரிந்தாலோ, சாமான் சரியில்லை என்றுதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் சாமானில் குறை இருக்காது. சரியாகக் காயாமல் அரைத்திருப்போம், இல்லையென்றால் மிளகாய் அரைத்த மெஷினில் கொடுத்திருப்போம். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு வருடத்துக்கு வேண்டிய சாமானைக் காயவைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஒரு கிலோ மாவுக்கான அளவு இது: பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 250 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50, பூலாங்கிழங்கு 50, கோரைக்கிழங்கு 25, வெட்டிவேர் 25, காய்ந்த ஆவாரம்பூ 50, காய்ந்த ரோஜா இதழ் 50. வறண்ட தோல் என்றால் கடலைப்பருப்பை 100 கிராமாகக் குறைத்து, அந்த 150 கிராமைப் பயறில் கூட்டிக்கொள்ளுங்கள். கடலை மாவு எண்ணெயை நன்றாக இழுக்கும். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது நல்லது. வறண்ட முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும்.

நாட்டு மருந்துக்கடையில் இருபது, முப்பது சாமானைச் சேர்த்துக் கட்டித் தருவார்கள். முதல் முறைக்கு அது வேண்டாம். அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. குறிப்பாக அந்தக் கட்டில் கார்போக அரிசி (பேர்தான் அரிசி, ஒரு மூலிகைச் செடியின் விதை) இருந்தால் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்கு மிகவும் கூசவைக்கும். வெண்புள்ளிச் சிகிச்சையில் அது பயன்படுவதே இந்தக் குணத்தால்தான். காலையில் அதைப் பூசிக் குளித்துவிட்டு வெயிலில் போனால் கறுத்துப்போகலாம், கொப்பளிக்கவும் செய்யலாம். சந்தனப் பொடியும் சேர்க்க வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் பொடியில் சந்தனத்தைவிடச் சேர்த்த வாசனையே அதிகம். வீட்டில் சந்தனக் கட்டை இருந்தால் குளிக்கும்போது கல்லில் இழைத்துக் கலந்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது ஏமாறுவது கஸ்தூரி மஞ்சளில்தான். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய நிறமாக, கற்பூரம் கலந்தாற்போல் வாசனையாக இருக்க வேண்டும். சமையல் மஞ்சள்போல் பளீரென்று இருந்து விரலில் கறை ஒட்டினால் வேறு எதையோ கொடுத்திருக்கிறார்கள். பொடியாக வாங்கினால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதனால் கிழங்காகவே வாங்குங்கள். பூலாங்கிழங்கையும் உடைத்துப் பார்த்து, துளையும் மாவும் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பூச்சி மற்றதற்கும் பரவும்.

ரோஜாவுக்குப் பன்னீர் ரோஜாதான் ஏற்றது. மாலைக்கு வரும் பெரிய ரோஜாவில் பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்புண்டு. 50 கிராம் காய்ந்த இதழ் கிடைக்க 300 முதல் 400 கிராம் பச்சை இதழ் வேண்டும். இதழ்களை நிழலில், வெள்ளைத் துணியில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். நான்கைந்து நாளில் கையில் எடுத்து நசுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இதழின் நடுப்பகுதி காய்ந்தும் அடிப்பகுதி துவண்டும் இருக்கும், அந்த அடியைத்தான் நசுக்கிப் பார்க்க வேண்டும். ஆவாரம்பூவுக்கும் இதே சோதனைதான்.

பயறையும் பருப்பையும் கழுவ வேண்டாம். கல், தூசி புடைத்து எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்தால் போதும். பிறகு நல்ல வெயிலில் இரண்டு நாள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். கிழங்குகளுக்கு மூன்று நாள் வெயில் கொடுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மொட்டைமாடியில் ராத்திரி விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வந்துவிடும்.

அரைப்பதற்கு முன் இரண்டு வேலை. வெட்டிவேரை மண் போக உதறி, அரை அங்குலத் துண்டுகளாகக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். நீளமாகப் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். கோரைக்கிழங்கையும் கஸ்தூரி மஞ்சளையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். முழுசாக மிக்ஸியில் போட்டால் ஜார் வீணாகிவிடும்.

மெஷினுக்குக் கொண்டுபோனால், அதற்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் கொட்டாதீர்கள். மிளகாயோ மசாலாவோ அரைத்த மெஷினில் ஒட்டியிருக்கும் காரம், மாவில் கண்ணுக்குத் தெரியாது. முகத்தில் பூசினால்தான் தெரியும். அரிசி அரைத்த பிறகு கொடுங்கள். ஒரு ஆழாக்கு பச்சரிசியைக் கையோடு கொண்டுபோய், முதலில் அதை அரைக்கச் சொல்லி அந்த மாவைத் தள்ளிவிட்டால் இன்னும் நல்லது.

அரைத்து வரும் மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைப்பதுதான் நிறைய வீடுகளில் நடக்கும் தப்பு. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மாவிலேயே விழும். கட்டி பிடிக்கும், பூஞ்சை வரும். வெள்ளைத் துணியில் பரப்பி நான்கு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு சலிக்க வேண்டும். உடம்புக்கு மாவுச் சல்லடை போதும். முகத்துக்கென்று 200 கிராமை மெல்லிய மல்மல் துணியில் தனியாகச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தால் டால்கம் பவுடர்போல் வழுக்க வேண்டும். நறநறவென்றால் வேர்த் துணுக்கு இன்னும் இருக்கிறது, அது முகத்தைக் கீறிவிடும்.

புதிதாகப் பூசுபவர்கள் முழங்கையின் உள்பக்கம் சிறிது குழைத்துப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். பருப்பு, பயறு சாப்பிட்டால் ஒவ்வாமை வருபவர்களுக்கு இந்த மாவு வேண்டாம். கைக்குழந்தைக்குப் பச்சைப்பயறை மட்டும் தனியாக அரைத்து, துணியில் இரண்டு முறை சலித்து, தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். உலர்ந்த மாவைக் குழந்தை மேல் தூவக் கூடாது, மூச்சில் ஏறிவிடும். கழுத்து மடிப்பு, தொடை மடிப்பில் மாவு தங்கினால் புண்ணாகிவிடும். அங்கே விரலால் தடவித் தடவிக் கழுவ வேண்டும்.

முகத்துக்கு ஒரு டீஸ்பூன், உடம்புக்கு மூன்று டேபிள்ஸ்பூன். எண்ணெய் தேய்த்த அன்று இதைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும். தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, முகத்தில் வட்டமாகத் தடவி, காய்ந்து இறுகும் முன் கழுவிவிடுங்கள். முழுக்கக் காயவிட்டுத் தேய்த்து உதிர்த்தால் தோல் சிவந்துபோகும். எலுமிச்சைச் சாறு விட வேண்டாம். அதன் புளிப்பு தோலுக்கு மிகவும் கடுமையானது, வெயிலும் பட்டால் கறுப்புத் திட்டு வரும். வறண்ட தோலுக்குக் காய்ச்சி ஆறிய பாலில் குழைக்கலாம். குழைத்தது மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

மொத்த மாவைக் குளியலறையில் வைக்காதீர்கள். 100 கிராமைச் சின்ன டப்பாவில் எடுத்து, காய்ந்த ஸ்பூன் போட்டு வையுங்கள். மிச்சம் எவர்சில்வர் டப்பாவில், துணியில் முடிந்த ஒரு வசம்புத் துண்டோடு, உலர்ந்த அலமாரியில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஒன்றிரண்டு வண்டு மட்டும் தெரிந்தால் வெயிலில் போட்டுச் சலித்து உடம்புக்குப் பயன்படுத்தலாம். மக்கல் வாடையோ சாம்பல் நிறப் புள்ளியோ வந்துவிட்டால் வெயிலில் போட்டும் பயனில்லை. பூஞ்சையின் நஞ்சு வெயிலுக்குப் போகாது. மாவை எறிந்துவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே அடுத்த மாவைப் போடுங்கள்.