அசோலா தொட்டியில் ஒரு எஸ் வளைகோடு

கோழிக்குத் தீவனமாகத்தான் தண்ணீரில் மிதக்கும் அசோலாவை வாங்கிப் போட்டேன். கிடுகிடுவென்று பெருகித் தொட்டியை மூடியது. அப்புறம் ஒரு மாதமாக அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று பார்க்கப் போய்த்தான் இந்தச் சோதனை.

படி 1: அகலமான பிளாஸ்டிக் டப் எடுங்கள். வாளி வேண்டவே வேண்டாம். மிதக்கிற பெரணிக்கு ஆழம் எதற்கு, பரப்புதான் வேண்டும். அடியில் இரண்டு கை செம்மண், ஒரு கை சாணிக் கரைசல், நான்கு விரற்கடைத் தண்ணீர். மர நிழலிலோ பச்சை வலைக்கு அடியிலோ வையுங்கள்.

படி 2: 10 கிராம் அசோலாவைத் தூவி, இரண்டு நாளுக்கு ஒரு முறை எடை பாருங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு நாள் 62 கிராம், அடுத்த முறை 55. இலையோ கூடித்தான் தெரிகிறது! கடைசியில் பார்த்தால், வேரில் தொங்கிய தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். இப்போது மாவுச் சல்லடையில் அள்ளி, கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் சொட்ட விடுகிறேன். அப்புறம் சல்லடையின் அடியைத் துணியில் ஒற்றுகிறேன். பிழியாதீர்கள், நசுங்கிவிடும். தராசு, சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

படி 3: நாளையும் எடையையும் கட்டக் காகிதத்தில் குறியுங்கள். எக்செல் ஒரு நொடியில் போட்டுத் தரும்தான், ஆனால் கோடு வளைகிற இடம் கையால் புள்ளி வைக்கும்போதுதான் உறைக்கிறது.

முதலில் மெல்ல, நடுவில் வேகமாக, கடைசியில் மறுபடியும் மெல்ல ஏறுகிற கோடுதான் எஸ் வளைகோடு. 1838இல் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணிதர் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்: வளர்ச்சி = இருக்கும் எடை × வளரும் வேகம் × (1 − இருக்கும் எடை/தாங்கும் எடை). நம் தொட்டி 400 கிராம்தான் தாங்கும், நெருக்கடி இல்லாதபோது நாளுக்கு 20 சதவீதம் வளரும் என்று வையுங்கள். 40 கிராம் இருக்கையில் ஒரு நாள் வளர்ச்சி 40 × 0.2 × (1 − 40/400), அதாவது 7.2 கிராம். 200 கிராமில் 20. 360 கிராமிலோ மறுபடியும் அதே 7.2! தொட்டி நிறைய வைத்துக்கொண்டு அள்ளாமல் இருந்ததுதான் என் தப்பு. இப்போது பாதிக்கு மேல் போனால் கோழிக்குப் போய்விடும்.

தடுப்பது எது? முதலில் இடம், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் கீழே இருப்பதற்கு வெளிச்சம் இல்லை. அடுத்து பாஸ்பரஸ். தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, பஞ்சமில்லை, இலைக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப்பாசி அதைக் காற்றிலிருந்தே எடுத்துத் தருகிறது.

பின்சேர்க்கை: "என்னுடையது சிவந்துவிட்டதே" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடும் வெயிலாலும் சிவக்கும், பாஸ்பரஸ் குறைந்தாலும் சிவக்கும். தொட்டித் தண்ணீரோடு இரண்டு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரே நிழலில் வையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உரம். அது மட்டும் பச்சைக்குத் திரும்பினால் பாஸ்பரஸ். இரண்டும் திரும்பினால் வெயில், வலையை இன்னொரு மடிப்புப் போடுங்கள்.