ட்ராவல் ட்ரெய்லரில் வாயு அலாரம் அடித்தால்: கோளாறை எங்கே தேடுவது?

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ராவல் ட்ரெய்லர்களில் அடுப்பு, வெந்நீர்க் கலன், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஆகியவை புரொப்பேன் வாயுவில் இயங்குகின்றன. பல வண்டிகளில் குளிர்பதனப் பெட்டியும் அப்படித்தான். இத்தனை எரிகலன்களுக்கு நடுவே ஒரு குடும்பமே படுத்துத் தூங்குவதால், இவ்வகை வண்டிகளுக்கான அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 1192 தர விதி, புரொப்பேன் கசிவைக் கண்டறியும் கருவியையும், எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் கருவியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய கூட்டுக் கருவிகளே இப்போது மிகுதியாகப் பொருத்தப்படுகின்றன.

புரொப்பேன் காற்றைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் அதன் கருவி கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடோ காற்றின் கனத்தை ஒட்டியது. அறை முழுவதும் கலந்து பரவும். புரொப்பேனில் கசிவு தெரிவதற்காக நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ஊரில் சமையலறைச் சிலிண்டர் கசிந்தால் மூக்கை நம்பிப் பழகியவர்கள், இந்த இரண்டாவது வாயுவைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒலியை இனம் காணுங்கள்

நான்கு முறை விரைவாக ஒலித்து, சற்று ஓய்ந்து, மீண்டும் நான்கு முறை ஒலித்தால் அது பொதுவாகக் கார்பன் மோனாக்சைடு அபாய ஒலி. மூன்று மூன்றாக ஒலிப்பது புகை அலாரம். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை 'கீச்' என்று மட்டும் கேட்டால், அது வாயுவைப் பற்றியதன்று. மின்னழுத்தக் குறைவு, உட்கோளாறு, ஆயுள் முடிவு ஆகியவற்றில் ஒன்று. புரொப்பேன் அலாரத்தின் ஒலியும் விளக்கு நிறமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுகின்றன. ஆகவே கருவியின் முகப்பிலோ கையேட்டிலோ உள்ள அட்டவணையைக் கைப்பேசியில் இன்றே படமெடுத்து வைத்துக்கொள்வது, நள்ளிரவில் டார்ச் அடித்துப் பொடி எழுத்தைப் படிப்பதைவிட நல்லது.

அபாய ஒலி எதுவானாலும், கோளாறு பார்க்கும் வேலை வெளியே வந்த பிறகுதான். எல்லாரையும் எழுப்பி வெளியேற்றி, கதவைத் திறந்தபடி விட்டு, வண்டியின் முன்புறம் உள்ள சிலிண்டர் வால்வுகளைக் கடிகாரச் சுற்றில் திருகி மூடி, தொலைவில் நின்று 911ஐ அழைக்க வேண்டும். உள்ளே எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்தால் அதையும் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே கணக்கிடும். அதில் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைவதற்கு இடமில்லை.

கதவு திறந்து சிறிது நேரத்தில் ஒலி நின்றுவிட்டால் 'சும்மா அடித்தது' என்று நினைக்கத் தோன்றும். காற்றோட்டம் வாயுவை வெளியேற்றியிருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். தீயணைப்புத் துறையினர் தங்கள் அளவுமானியால் சோதித்து அனுமதித்த பிறகே உள்ளே போக வேண்டும். அலாரம் மௌனமாக இருப்பதையும் முழுப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கான யு.எல். 2034 தரத்தின்படி, காற்றில் அந்த வாயு 70 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் இருந்தால் கருவி 60 முதல் 240 நிமிடங்களுக்குள்ளும், 150இல் 10 முதல் 50 நிமிடங்களுக்குள்ளும், 400இல் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் ஒலித்தால் போதும். அதற்குக் கீழான அளவில் ஒருவருக்குத் தலை வலிக்கும்போதும் கருவி பேசாமல் இருக்கக்கூடும்.

வாயு இல்லை என்று உறுதியான பின்: மின்னழுத்தம்

நள்ளிரவுக் கீச்சொலிக்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரிதான் என்பது என் கணிப்பு. இக்கருவிகள் வண்டியின் 12 வோல்ட் இணைப்பில் இயங்குபவை. வெப்பநிலை குறையும்போது ஃபர்னஸ் தானாக இயங்கத் தொடங்கும், அதன் காற்றாடி மோட்டார் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சரியும், கருவி கீச்சிடும். காற்றாடி நின்றதும் மின்னழுத்தம் மீண்டுவிடுவதால், காலையில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். வெளி மின் இணைப்பைத் துண்டித்துச் சில மணி நேரம் ஓய்ந்த ஈய-அமிலப் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.1 என்றால் ஏறத்தாழப் பாதி தீர்ந்துவிட்டது. வெளி மின்சாரம் இருக்கும்போது, அதை வண்டியின் 12 வோல்ட் அமைப்புக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்வெர்ட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் நோய் கருவியில் இல்லை, கன்வெர்ட்டரில் இருக்கிறது. பிறகு அதே அளவைக் கருவியின் பின்புற வயர்களில் எடுத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், இடையில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருவேறியிருக்கிறது.

இக்கருவி ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியரை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 72. சிறிய ட்ரெய்லர் பேட்டரி ஒன்றின் மொத்தக் கொள்ளளவே அதை ஒட்டித்தான் இருக்கும். பல வண்டிகளில் பேட்டரித் துண்டிப்பு ஸ்விட்சைக் கடந்து நேராகக் கருவிக்கு வயர் போவதால், 'எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் நிறுத்தினேன்' என்பவரின் பேட்டரியும் செத்துக் கிடப்பதில் வியப்பில்லை.

விளக்கே எரியவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். கன்வெர்ட்டர் பெட்டியில் ஒன்று, சில வண்டிகளில் பேட்டரி அருகே வயரிலேயே இன்னொன்று இருக்கும். கண்ணாடி போன்ற உறைக்குள் உலோக இழை நலமாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். இருபுறமும் மீட்டரை வைத்துச் சோதிப்பதே முறை.

இதற்குள்ளும் காரணம் பிடிபடவில்லையா? கருவியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்; தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ முதுகில் அச்சிட்டிருக்கும். மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுகள்தான் ஆயுள்; புரொப்பேன் உணரிகள் பலவற்றுக்கு 5 அல்லது 7. பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த ஒரு தேதியைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆயுள் முடிந்ததற்கான கீச்சொலியை எந்தப் பொத்தானாலும் நிரந்தரமாக நிறுத்த முடியாது.

பொய்யாகத் தோன்றும் உண்மைகள்

தேதியும் மின்னழுத்தமும் சரியாக இருந்து, அலாரம் மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால், கருவி வேறெதையோ மோந்திருக்கிறது. புரொப்பேன் உணரிகள் பல, சூடேற்றப்பட்ட உலோக ஆக்சைடால் ஆனவை. ஹேர் ஸ்ப்ரே, சானிடைசர், சுத்திகரிப்புத் திரவம், புது வண்டியின் பசை ஆவி எல்லாவற்றுக்கும் அவை சிலிர்க்கும். கருவியின் பக்கத்தில் படுத்த நாய் காற்றைப் பிரித்ததில் அலாரம் அடித்ததாக வண்டி உரிமையாளர்கள் சொல்வதுண்டு. உயரத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் இரண்டை மட்டும் பொய் அலாரம் என்று தள்ளக் கூடாது. மிகையாகச் சார்ஜ் ஆகும் ஈய-அமிலப் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். அது கார்பன் மோனாக்சைடு உணரியை ஏமாற்றும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வருவதால், சிலிண்டரைச் சந்தேகித்துக் குழாய் குழாயாகத் தேடுவார்கள். பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சார்ஜைத் துண்டித்துவிட்டு விலகுங்கள், அந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது. இரண்டாவது, வாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியின் அம்மோனியாக் கசிவு. பெட்டியின் பின்புறக் குழாய்களில் மஞ்சள் படிவும் மூக்கைத் துளைக்கும் நெடியும் இருந்தால் அதை இயக்கவே கூடாது.

உண்மையான புரொப்பேன் கசிவைத் தேட, அம்மோனியா கலக்காத சோப்பு நீரைச் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் இரு முனைகளிலும், ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக் காத்திருக்க வேண்டும். கசிவு சிறிதென்றால் குமிழி உடனே எழாது. திருகின் ஓரத்தில் வெண்மையான நுரை மெல்லத் திரளும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஒருக்காலும் கூடாது. வெளியே எதுவும் அகப்படாவிட்டால், அழுத்தம் இறங்குகிறதா என்று மானோமீட்டர் வைத்துப் பார்க்கும் சோதனையை உரிய தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடென்றால் ஃபர்னஸின் வெளிப்புகைத் துளையில் தொடங்குங்கள். மண்குளவிகள் அதற்குள் கூடு கட்டுவது இந்நாட்டில் சாதாரணம்; துளையை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த களிமண் உருண்டை அடைத்திருப்பது தெரியும். அடுப்புச் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தள்ளாடினால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை. குளிருக்கு அடுப்பை ஏற்றிவைத்துக்கொண்டு உட்காருவதும், ஜன்னல்களை மூடிவிட்டுக் கூரை விசிறியைப் போடுவதும் ஆபத்து. அந்த விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக, பக்கத்து வண்டி ஜெனரேட்டரின் புகையைத் தரை இடுக்குகள் வழியாக உள்ளே இழுத்துவிடும்.

மாற்றும்போது

புதிய கருவியை இணைக்கும் முன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். நிறத்துக்கு நிறம் சேர்ப்பது இங்கே உதவாது: கருவியில் சிவப்பு நேர்முனை, கருப்பு எதிர்முனையாக இருக்கும், பல ட்ரெய்லர்களின் 12 வோல்ட் வயரிங்கிலோ கருப்பு நேர்முனை, வெள்ளை எதிர்முனை. ஃபியூஸை எடுக்கும் முன்பே மீட்டரால் அளந்து, எது எது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைத்த பின் உணரி சூடேறுவதற்குக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது மின்சுற்றையும் ஒலியையும்தான் பெரும்பாலும் சோதிக்கும். உணரி வாயுவை அறிகிறதா என்பதற்கு அது சான்றாகாது. கடைசியாக, வெளி மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபர்னஸை ஓடவிட்டபடி கருவியின் வயர்களில் மின்னழுத்தத்தை இன்னொரு முறை அளந்து பாருங்கள்; முகாமில் இரவில் அதற்குக் கிடைக்கப்போவது அந்த அளவுதான்.