ஊரில் நிற்கும் நாள்களையும் எண்ணுங்கள்: கனடியக் குடியுரிமைக்கான வதிவிடக் கணக்கு

திருகோணமலையிலிருந்து கனடாவுக்குப் போய் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களில் பலர், முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு தடவையாவது நீண்ட நாள்கள் ஊரில் வந்து நிற்கிறார்கள். தாயார் படுக்கையில் விழுந்தால் வருகிறார்கள். செத்தவீடு என்றால் அந்தியேட்டி முடியும்வரை நின்று, ஆட்டைத் திவசத்துக்கு மறுபடியும் வருகிறார்கள். கோணேசர் கோயில் திருவிழாவைக் காட்டுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். இவற்றில் எதையும் தவிர்க்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து குடியுரிமைக்கு இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பவர்கள், போன திகதியையும் திரும்பிய திகதியையும் நினைவிலிருந்தே சொல்வதைக் காணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தக் கணக்கை நினைவை நம்பிச் செய்ய முடியாது.

விதி இதுதான். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் திகதிக்கு உடனே முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். 2017 ஒக்ரோபர் 11 முதல் இது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னர் சில காலம் ஆறு ஆண்டுகளில் 1,460 நாள்கள் கேட்கப்பட்டதால், மூத்த உறவினர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கனடாவை விட்டுப் புறப்பட்ட நாளும் திரும்பி இறங்கிய நாளும் கனடாவில் இருந்த நாள்களாகவே கொள்ளப்படும். இடைப்பட்ட நாள்கள் மட்டுமே கழியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒருவர் 2021 மார்ச் 1 அன்று நிரந்தர வதிவாளராகக் கனடாவில் இறங்குகிறார். 2022 ஜனவரி 10 அன்று ஊருக்குப் புறப்பட்டு ஜூன் 20 அன்று திரும்புகிறார். கழிவது 160 நாள்கள். 2023 ஜூலை 1 அன்று மறுபடி புறப்பட்டு ஓகஸ்ட் 15 அன்று திரும்புகிறார். கழிவது 44 நாள்கள். மொத்தம் 204 நாள்கள் போனபடியால், அவர் 2024 செப்டெம்பர் 20 அன்றுதான் 1,095 நாள்களைச் சரியாகத் தொடுகிறார். அன்றே விண்ணப்பிப்பதை நான் விரும்பமாட்டேன். ஒரு திகதி பிழைத்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும் என்பதால், இரண்டு மூன்று வாரங்களாவது கூடுதலாகச் சேர்ந்த பிறகு கையெழுத்திடுவதே பாதுகாப்பு.

மாணவராகவோ வேலை அனுமதியுடனோ, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவராகவோ, நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கு முன் கனடாவில் இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். உச்ச அளவு 365 நாள்கள். ஆனால் அவையும் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விழ வேண்டும். அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருந்த காலம் இதில் சேராது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஐந்து ஆண்டு என்ற அந்தச் சாளரம் நகர்ந்துகொண்டே இருப்பதுதான். இரண்டு ஆண்டுகள் கனடாவில் இருந்துவிட்டு, தகப்பனாரைப் பராமரிக்க இரண்டரை ஆண்டுகள் நிலாவெளியில் தங்கித் திரும்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். இறங்கி ஐந்தாம் ஆண்டு நிறையும்போது அவரிடம் இரண்டரை ஆண்டு நாள்கள் இருக்கும். இன்னும் ஆறு மாதம் நின்றால் போதும் என்று அவர் நினைப்பார். ஆனால் அதற்குப் பிறகு முன்பக்கத்தில் ஒரு நாள் சேரும்போதெல்லாம் பின்பக்கத்தில் அவருடைய பழைய கனடிய நாள் ஒன்று உதிர்கிறது. ஆகவே ஏழாம் ஆண்டு நிறையும்வரை தொகை இரண்டரை ஆண்டிலேயே நிற்கும். ஏழரை ஆண்டிலேயே அவர் தகுதி பெறுவார். அதாவது, தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்றால், அதற்கு முன் சேர்த்த நாள்கள் எல்லாம் வீணாகிவிடும். பராமரிப்பை உடன்பிறந்தவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ள முடியுமென்றால், பேசிப் பார்ப்பது நல்லது.

நிலாவெளியில் தங்கித் திரும்பிய அவருடைய நிரந்தர வதிவிடத்துக்கு மட்டும் ஆபத்து இல்லை, ஏனென்றால் அதற்குத் தேவையானது ஐந்து ஆண்டுகளில் 730 நாள்களே. இந்த இரண்டு கணக்குகளையும் குழப்பக்கூடாது. கனடியக் குடிமகனான கணவருடன் அல்லது குடிமகளான மனைவியுடன் வெளிநாட்டில் வாழ்ந்த நாள்கள் 730-இல் சேரும். பொதுவாக 1,095-இல் சேரா.

ஆவணங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் முதல் விண்ணப்பம் அங்கேதான் தடைப்பட்டது. காரில் எல்லையைக் கடந்து அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய் மூன்று நாள் நின்றதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். நாட்கணக்கில் அது பெரிதாக எதையும் மாற்றவில்லை; ஆனாலும் எல்லாப் பயணங்களுக்கும் சான்று கேட்டுக் கடிதம் வந்தது, பல மாதங்கள் போய்விட்டன. அன்று முதல் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவருகிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டுநாயக்காவில் குத்தும் வருகை முத்திரை, நீங்கள் ரொறன்ரோவை விட்ட திகதிக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தியிருக்கும். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது கனடாவை விட்ட திகதியே. காலாவதியான கடவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் செல்லுபடியான எல்லாக் கடவுச்சீட்டுகளும் கேட்கப்படும்.

நாட்கணக்கோடு வருமான வரிக் கடமையும் உண்டு: வரி அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அதே ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்காவது கொடுத்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழித் தகுதியும் கனடாவைப் பற்றிய அறிவுச் சோதனையும் இருக்கின்றன. பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1,095 நாள் கணக்கே இல்லை. ஆகவே பேரப்பிள்ளைகள் திருமலையில் அப்பம்மாவுடன் கூடுதலாக நின்றாலும் அவர்களின் குடியுரிமை விண்ணப்பம் அதனால் பாதிக்கப்படாது.

விண்ணப்பித்த பிறகு ஊருக்கு வருவதற்குத் தடையில்லை. இருந்தாலும் நிரந்தர வதிவிட அட்டை காலாவதியாகுமா என்று புறப்படும் முன் பாருங்கள். ஊரில் இருக்கும்போது அது முடிந்தால், திரும்பும் விமானத்தில் ஏறுவதற்கு முன் தனியாகப் பயண ஆவணம் எடுக்க வேண்டிவரும். குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தைக் கனடாவில் இருந்தே எடுக்க வேண்டும் என்பதால், மின்னஞ்சலை நாள்தோறும் பார்த்து, அழைப்பு வந்தால் உடனே திரும்பக்கூடிய பயணச்சீட்டோடு வாருங்கள்.