பொங்கலுக்கு ஸ்டேப்ளர் இல்லாம வாசல் தோரணம்

பொங்கல் வந்தா மதுரை விளக்குத்தூண் பக்கம் பிளாஸ்டிக் மாவிலைய குமிச்சு போட்டு விக்கிறாய்ங்க, ஒருக்கா வாங்குனா அஞ்சு வருசம் தொங்கும்னு பெருமை வேற. தொங்கும்தான், தூசி புடிச்சு. அதுக்கு பதிலா போகி ராத்திரி ஒரு ஒன்ற மணி நேரம் ஒதுக்குனா போதும், பச்சை ஓலைத் தோரணம் நாமளே கோத்துறலாம்.

வேணும்கிறது பாதி மட்டை தென்னங்குருத்தோலை, ரெண்டு கொப்பு மாவிலை, சணல் கயிறு, கத்தரி, பச்சை ஓலைல கொஞ்சம். வீட்டு மரத்துல நீங்களா ஏறி நடுக்குருத்த இழுத்துறாதீங்க, தென்னைக்கு இருக்கறது அந்த ஒரு குருத்துதான், அது கெட்டா மரமே போச்சு, மரமேறுறவருகிட்ட சொல்லி பாத்து வெட்டி வாங்குங்க. மாவிலைல செவப்பு கொழுந்து வேணாம், ராத்திரிக்குள்ள தொவண்டுரும், நல்லா முத்துன கரும்பச்சை இலையா பறிங்க.

இப்ப முக்கியமான விசயம் ஈர்க்கு. குருத்தோலைய ஒவ்வொண்ணா உருவி நடு ஈர்க்க எடுத்துட்டா ஒரு ஓலைக்கு ரெண்டு கீத்து கிடைக்கும், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கங்க. ஆனா குருத்து ஈர்க்கு வளையும், குத்தாது. அதுக்குத்தான் பச்சை ஓலை, அதோட ஈர்க்க அரை விரல் நீளத்துக்கு ஒடிச்சு வச்சுக்கங்க. (வெளக்கமாத்துலருந்து உருவுனேன் ஒரு வருசம், நல்ல நாளும் அதுவுமான்னு அப்பத்தா ஏசுன ஏச்சு இன்னும் காதுல நிக்குது.) கீத்தோட மேல் நுனிய கயித்து மேல மடிச்சு, ஈர்க்க ஊசி மாதிரி உள்ள விட்டு வெளிய எடுத்தா முடிஞ்சது. மாவிலைக்கும் அதேதான், காம்புப் பக்கம் மடிக்கணும். ரெண்டு மாவிலை ஒரு கீத்துன்னு நாலு விரக்கடை விட்டு கோத்துட்டே போங்க, 3 அடி வாசலுக்கு ஒரு 12 போதும். கீத்தோட அடிய ஈர்க்கு நுனியால சன்னமா கிழிச்சு விட்டா காத்துக்கு அழகா ஆடும்.

மொத நாள் மத்தியானமே கட்டிறாதீங்க. எங்க வாசல் மேக்க பாத்தது, ஒரு வருசம் அப்பிடி கட்டி விடியக்காலம் பாத்தா ஓலையெல்லாம் சுருட்டு மாதிரி சுருண்டு கெடக்கு. ராத்திரி கோத்து ஈரத்துணில சுத்தி வச்சுட்டு பொங்கலன்னைக்கு விடிய மாட்டுங்க.

பூவுக்கு மல்லிய நம்பாதீங்க, பனிக்கு வரத்து கொறஞ்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல வெலை கேட்டா மயக்கம் வரும். கம்மாக்கரைல ஆவாரம்பூ சும்மாவே கெடக்கு, அதோட கண்ணுப்பிள்ளைச் செடி (சிறுபீளைன்னும் சொல்லுவாக), வேப்பிலை சேத்து கொத்தா கட்டுனா அதுதான் காப்பு, நெலைக்கு ரெண்டு பக்கமும் சொருகிருங்க. நெல்லு அறுக்குற வயக்காரவுகள தெரிஞ்சா ஒரு புடி கதிர் கேட்டு வாங்கி தொங்கவிடுங்க, குருவி வரும். மேலூர் கரும்பு ரெண்டு தோகையோட நிறுத்துனா வேற ஒண்ணும் வேணாம். கோலத்துல பூசணிப்பூ வைக்கிறவுக வெள்ளனவே வச்சு போட்டோ எடுத்துருங்க, வெயில் ஏறுனா மூடிக்கும்.

ஸ்டேப்ளர் ஏன் வேணாம்கிறேன்னா, மறுநா மாட்டுப்பொங்கல். கழட்டுன ஓலையத்தான் மாட்டுக்கு போடுவோம், பின்னு வயித்துக்குள்ள போச்சுன்னா குத்தி உசுருக்கே வம்பாயிரும். ஈர்க்குன்னா அந்த பயமில்ல. எங்க தெருவுல மாடு வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு வெள்ளாடு தாவி மாவிலைய காலி பண்ணிரும், அதனால கொஞ்சம் ஒசரமாவே கட்டுங்க.