மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரண்டு பேராகச் சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மேடு என்று சொல்ல அதிகம் இல்லாத சாலை. முதல் நெடும்பயணத்துக்குக் கொடைக்கானல் பக்கம் பார்க்காதீர்கள், கிழக்கே திரும்புங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். நானும் என் மதினியும் போய்வந்த விதத்தை இங்கே எழுதுகிறேன். மதினி என்னைவிட மூத்தவர், என்னைவிட வேகமாக மிதிப்பவர். ஒரே மூச்சில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் உங்களுக்கு இது போதும். கியர், பிரேக் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

1. நாளும் நேரமும்

ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அதிகாலை 4 மணிக்கு விரகனூர் ரவுண்டானாவில் இருங்கள். மானாமதுரையில் காலை டிபன், 9 மணிவாக்கில் பரமக்குடி, 11:30க்குள் ராமநாதபுரம். அங்கே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டு, 2:30க்கு மறுபடி கிளம்பினால் இருட்டுவதற்குள் பாம்பன் தாண்டிவிடலாம்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பி.ஆர்.எம் என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில்கூட 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்தான்.

இருட்டில் கிளம்புவதால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மேலே ஒளிரும் பட்டை வைத்த சட்டை. பின்விளக்கை மினுக்க விடாதீர்கள், நிலையாக எரியட்டும். பின்னால் வருகிற துணையின் கண்ணுக்கு அந்த மினுக்கல் பெரிய தொல்லை.

2. சைக்கிள்

ரேஸ் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான ஹைபிரிட், 32 மில்லிமீட்டர் டயர். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் சாலை ஓரத்தில் இறங்கினால் திணறும். பட்டை டயர் வைத்த மலைச் சைக்கிள் (எம்.டி.பி.) உங்கள் காலைத் தின்றுவிடும். பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு எதையும் போடாதீர்கள், தையல் உரசிப் புண்ணாகும். கொஞ்சம் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

3. துணையோடு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

முக்கியமான படி இதுதான். ஆனால் யாரும் செய்வதில்லை. "சேர்ந்து போறோம்" என்று சொல்லிக் கிளம்புவார்கள். பத்தாவது கிலோமீட்டரில் வேகமானவர் புள்ளியாகத் தெரிவார்.

வேகமானவர் முன்னால் போய் டீக்கடையில் காத்திருக்கிறார் என்று வையுங்கள். மெதுவானவர் வந்து சேரும்போது இவர் டீ குடித்து, காலை நீட்டி, பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார். "போலாமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு அது கிடைப்பதே இல்லை. மாலைக்குள் அவர் ஒடிந்துபோவார். எங்கள் விதி இது: நிற்கும் நேரம், கடைசியாக வந்தவர் சைக்கிளைச் சாய்த்து வைத்த பிறகுதான் தொடங்கும்.

வேகத்தை முடிவு செய்வது மெதுவானவர். வேகமானவர் தன் பலத்தைக் காட்ட விரும்பினால் முன்னால் ஓட்டிக் கூடுதல் நேரம் எதிர்க்காற்றைத் தாங்கலாம், கூடுதல் சுமையைத் தூக்கலாம். எங்கள் பம்பு, டியூப், ஸ்பானர் எல்லாம் மதினியின் பையில்தான் இருந்தன.

அப்புறம், "நல்லா இருக்கியா?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கேன் என்றுதான் யாரும் சொல்வார்கள். மதினி வேறு மாதிரி கேட்பார்: "பாட்டில்ல எம்புட்டுத்தா இருக்கு?" ஒரு மணி நேரமாகப் பாட்டில் அப்படியே இருந்தால் வேறு பதிலே தேவையில்லை. "இன்னும் ரெண்டு வாய் இருக்கு மதினி" என்றால் அடுத்த கடையில் நிறுத்திவிடுவார். நான் வளவளவென்று பேசிக்கொண்டே வந்து திடீரென்று வாயை மூடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குகளை நம்புங்கள். போக வசதியிருக்காது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பங்கைப் பார்த்தால், தேவை இருக்கோ இல்லையோ, நிறுத்துங்கள்.

4. முன்னும் பின்னுமாக

பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை குறையும். முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள், சக்கரத்தோடு சக்கரம் பக்கவாட்டில் ஒட்டி வரவே கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். முன்னால் இருப்பவர் இடது ஓரம் ஒதுங்கி மெதுவாக, மற்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு வலப்பக்கம் தாண்டிப் போவார்.

ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நமக்கு இடப்பக்கத்திலிருந்து வரும். கணக்குப்படி அப்போது காற்று படாத இடம், முன்னால் போகிறவருக்கு வலது பின்பக்கம். அங்கே போகாதீர்கள், அது லாரி வருகிற பக்கம். நேர் பின்னாலேயே இருங்கள், கிடைத்தவரை லாபம்.

5. வாய்க்கு

முக்கால் மணிக்கு ஒருமுறை, பசிக்காவிட்டாலும், ஒரு கடலை மிட்டாயோ வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ. காலையில் இட்லி, பொங்கல் சரி. பரோட்டா சால்னா மனசுக்கு நல்லது, மிதிக்க உதவாது. ஓ.ஆர்.எஸ். பொடியை எழுதியிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கொட்டினால் வயிறு கெடும். நாலுவழிச் சாலை ஊரைத் தொடாமல் விலகிப் போகிற இடங்களில் கடை கிடைக்காது. பாட்டில் பாதியாகும்போதே நிரப்புங்கள்.

6. முள்

மானாமதுரை தாண்டினால் இருபுறமும் சீமைக்கருவேலம். டியூப் மாற்றத் தெரியும் என்று நினைப்பவர்களைக்கூட இது உட்கார வைத்துவிடும். புது டியூப் போட்டு, காற்றடித்து, ஏறி உட்கார்ந்தால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிடும். முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும், வெளியிலிருந்து தெரியாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். டயரில் கம்பெனி பெயர் உள்ள இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் பெயரிலிருந்து அத்தனை சாண் தள்ளித் தேடுங்கள். எந்தத் திசையில் என்று குழப்பமாக இருந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். விரலால் தடவாதீர்கள், குத்தும். பழைய பருத்தித் துணியை உள்பக்கம் சுற்றிலும் இழுங்கள், முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஊக்கால் வெளியிலிருந்து தள்ளி, உள்ளிருந்து பிடுங்குங்கள். லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துண்டுக்கும் இதே வைத்தியம்தான்.

டயர் கழற்ற பிளாஸ்டிக் நெம்புகோல் போதும், இரும்பு நெம்புகோல் டியூபைக் கிழிக்கும். சின்னக் காஸ் குப்பியால் காற்றடிக்கிற பம்பு எனக்குப் பிடிக்காது. ஒரு தடவை அடித்தால் தீர்ந்தது. கைப்பம்பு தீராது.

சேர்க்கை: சிலர் எழுதிக் கேட்டார்கள், வழியில் பங்ச்சர் கடையில் காற்றடிக்க முடியவில்லையாம். அவர்கள் சைக்கிளில் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு, கடைக் குழாய் அதில் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள்.

7. பாம்பன் பாலம்

1988இல் திறந்த சாலைப் பாலம், 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளும். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளியை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். இணைப்புத் தகடுகளை நேராகக் கடக்க வேண்டும், திருப்பிக்கொண்டே ஏறக்கூடாது. ரயில் பாலத்தைப் படமெடுக்க நிறைய கார்கள் நிற்கும். கதவு எந்த நொடியும் திறக்கும், அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

8. திரும்பி வர

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்து ரயிலில் ஏற்றலாம். பெயர், போன் எண் எழுதிய அட்டையைக் கட்டி, விளக்கையும் பையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரயிலிலும் சரக்குப் பெட்டியில் இடம் இருக்காது. அதனால் மதுரையில் கிளம்புவதற்கு முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை இன்னும் 20 கிலோமீட்டர் போல இருக்கும். அன்றைக்கே போக நினைக்காதீர்கள், மாலைக்கு மேல் விடமாட்டார்கள். இரவு தங்கிவிட்டு, காலையில் பையை அறையிலேயே போட்டுவிட்டுப் போய்வாருங்கள்.